சீரம் வாங்க உட்பொருள் பட்டியல் போதுமா?

துளசிமாடம்:
தங்கைக்குக் கன்னத்தில் பரு வந்து போன கரும்புள்ளிகள். அதற்காக முகத்தில் தடவும் ஒரு 'பிரைட்டனிங்' சீரம் வாங்கியிருக்கிறாள். 30 மில்லி, 649 ரூபாய். டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில், கருமையைக் குறைக்கும் என்று சேர்க்கும் ஆல்ஃபா அர்புட்டின், அதிமதுரம். திருப்பிப் பார்த்தால் வரிசை இப்படி: தண்ணீர், நியாசினமைடு, கிளிசரின், ப்ரொப்பனீடியால், ஃபீனாக்ஸிஎத்தனால், சாந்தன் கம், அதிமதுரச் சாறு, ஆல்ஃபா அர்புட்டின், வாசனைப் பொருள்.

எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. ஃபீனாக்ஸிஎத்தனால் சீரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஐரோப்பாவில் அதற்கு உச்சவரம்பு 1 சதவீதம், இங்கேயும் பொதுவாக அதைத் தாண்டுவதில்லை. அப்படியானால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் 1 சதவீதத்துக்குள்தான். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட இரண்டும் பெயருக்குச் சேர்த்தவை. திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் விளம்பரத்தையோ ரிவ்யூவையோ நம்பத் தேவையில்லை என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாத்திரைப்பெட்டி:
அவசரப்படாதீர்கள் அக்கா. 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அந்த அர்புட்டின் 0.9 ஆகவும் இருக்கலாம், 0.01 ஆகவும் இருக்கலாம். பட்டியலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. குறைவாக இருந்தாலே பயனில்லை என்பதும் தவறு. வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் 0.3 சதவீதத்திலேயே வேலை செய்கிறது.

இரண்டாவது இடத்தில் இருக்கும் நியாசினமைடை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. தோலில் உருவாகும் நிறமி, சின்னச் சின்னப் பொதிகளாக மேல் செல்களுக்குப் போகிறது. அந்தப் போக்கைக் குறைப்பது நியாசினமைடு. 2002-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில் வந்த ஆய்வில் 5 சதவீதம் வைத்துப் பெண்களின் முகத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள், கருமை குறைந்தது. தங்கையின் சீரத்தில் அது 2 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா? பட்டியல் சொல்லாது.

வைட்டமின் சி சீரத்தில் இது இன்னும் மோசம். வைட்டமின் சி-யின் நேரடி வடிவமான எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமென்றால், திரவத்தின் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். எந்த டப்பாவிலாவது பிஹெச் கட்டாயம் போட வேண்டும் என்று இருக்கிறதா? காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டுப்போகும். கடை கண்ணாடி அலமாரியில் வெயில் படுகிற பக்கம் வைத்த பாட்டிலைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போல இருந்த திரவம் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. பின்பக்கப் பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

துளசிமாடம்:
தம்பி, வைட்டமின் சி-யிலும் பட்டியல் நிறையச் சொல்கிறது. இருப்பது நேரடி அஸ்கார்பிக் அமிலமா, சோடியம் அஸ்கார்பில் பாஸ்ஃபேட் மாதிரி மென்மையான வேறு வடிவமா என்று தெரிகிறது. ஃபெரூலிக் அமிலமும் வைட்டமின் ஈ-யும் கூட இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்று தெரிகிறது. பாட்டில் அடர்நிறமா என்று பார்க்க எனக்குக் கண் இருக்கிறது.

சதவீதம் தெரியாது என்கிறீர்கள். நல்ல அளவு போடுகிறவன் அதை மறைப்பானா? 'நியாசினமைடு 5%' என்று முன்பக்கமே அச்சடிக்கிறவர்கள் இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆல்ஃபா அர்புட்டினுக்கு ஐரோப்பிய நிபுணர் குழு முகத்துக்கு 2 சதவீதம் வரை பாதுகாப்பு என்றிருக்கிறது, அதே வேலைக்குச் சேர்க்கும் கோஜிக் அமிலத்துக்கு 1 சதவீதம். இந்த எண்கள் கையில் இருக்கும்போது எண்ணே போடாத டப்பாவுக்கு நான் ஏன் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க வேண்டும்?

கோடைவெயில்:
நீங்கள் இருவரும் பட்டியலில் எழுதியது உண்மை என்றே வைத்துப் பேசுகிறீர்கள். 2023-இல் கேரளத்தில் மலப்புறம் பகுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிறுநீரில் புரதம் போய், உடம்பு வீங்கி வந்தவர்களுக்குச் சிறுநீரக நோய். கேட்டுக்கொண்டே போனதில் பலரும் முகத்துக்குச் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் போய் நின்றது பாதரசத்தில். பாதரசம் நிறமி உற்பத்தியை நிறுத்தும், முகம் சீக்கிரமே வெளுக்கும், அதனால்தான் விற்கிறது. அதை எவனாவது உட்பொருளில் எழுதுவானா?

துளசிமாடம்:
அந்த க்ரீம்களில் ஒழுங்கான பட்டியலே இல்லை, தயாரித்தவர் யார் என்ற விவரமும் இல்லை என்றுதான் செய்தி வந்தது. உரிம எண், பேட்ச் எண், முழு முகவரி, இறக்குமதி என்றால் பதிவு எண், இவற்றைத் தேடும் பழக்கம் இருந்தால் அந்த டப்பா வீட்டுக்குள்ளேயே வந்திருக்காது.

மாத்திரைப்பெட்டி:
எழுதியிருந்தாலும் படித்துவிட்டே பூசுகிறார்கள் அக்கா, அதுதான் என் ஆதங்கம். திருச்சியில் மருந்துக்கடையில் நிற்கிறேன். காலி ட்யூபை நீட்டி "இதே ஒன்று கொடுங்க" என்பார்கள். நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையான ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மூன்றும் ட்யூபின் மேலேயே தெளிவாக அச்சடித்திருக்கும், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றும் இருக்கும். மங்குக்காகத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்ததை அக்கம்பக்கத்தில் பார்த்து வருடக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே வாங்க வருவார்கள். சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். பெயரைப் படிப்பதால் மட்டும் என்ன தெரிந்துவிட்டது?

அரளிப்பூ:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மங்கு. எந்த சீரம் போட்டாலும் சன்ஸ்க்ரீன் இல்லாத நாட்களில் திரும்ப வந்துவிடுகிறது. மங்குக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருமையைக் கூட்டும் என்று மருத்துவர் சொல்லி, அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்க்ரீன் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நிலைமை கொஞ்சம் கைக்குள் வந்தது.

இன்னொன்று. கழுத்து, அக்குள் கருத்து, வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் சீரம் தேடாதீர்கள். சர்க்கரை, எடை, தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம்.

துளசிமாடம்:
அரளி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தங்கை விஷயத்தில் நான் மாறப்போவதில்லை. தம்பி சொன்னபடியே அந்த பாட்டிலில் நம்பக்கூடியது நியாசினமைடு ஒன்றுதான். சதவீதம் அச்சடித்த, வாசனை சேர்க்காத நியாசினமைடு சீரம் அதில் பாதி விலைக்கே கிடைக்கிறது. மீதிப் பணத்துக்கு சன்ஸ்க்ரீன் வாங்கட்டும். இந்தக் கணக்கைப் போட எனக்கு உதவியது பின்பக்கப் பட்டியல்தான்.

மாத்திரைப்பெட்டி:
விலைக் கணக்கில் மறுப்பில்லை. வேலை செய்யுமா என்பதைப் பட்டியல் சொல்லாது, அதில் நானும் மாறவில்லை. வாங்குவதாக இருந்தால் 5 சதவீதமே போதும். 10 போட்டால் சிலருக்கு எரிகிறது, நம் நிறத்துக்கு எரிச்சல் வந்த இடமெல்லாம் புதுக் கரும்புள்ளி. முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரத்தில் மாதம் ஒரு போட்டோ. மூன்று மாதத்தில் வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த சீரத்துக்குக் கொடுக்கும் காசைத் தோல் மருத்துவருக்குக் கொடுங்கள். பருவே இன்னும் வந்துகொண்டிருந்தால் இப்போதே போகச் சொல்லுங்கள், அது நிற்காமல் புள்ளி குறையாது.