ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி: வழிகாட்ட ஆள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி நடத்த ஆசை. நன்றாக வரைபவர்களுக்குக் கலைத் திருவிழாவில் மேடை கிடைத்துவிடுகிறது. என் கவலையெல்லாம் "எனக்கு வராது டீச்சர்" என்று ஜாமெட்ரி பாக்ஸால் தாளை மறைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றித்தான்.

ஒரு முகப்பருவுக்கே கூனிக் குறுகுகிற வயது. எடுத்தவுடன் 'உன் முகத்தை வரை' என்றால் இன்னும் ஒடுங்கிவிடுவார்கள். அதனால் லினோகட் அச்சில் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். லினோலியம் என்ற மென்மையான தகட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளை அழுத்தி எடுத்தால் கோடு கோணினாலும் அழகாகவே தெரியும். மதிப்பெண், பரிசு, ஒப்பீடு எதுவும் கிடையாது. அதில் உறுதியாக இருக்கிறேன்.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: இந்த வயதில் செதுக்குளி கொடுக்கலாமா, முதலில் உருளைக்கிழங்கு அச்சு போதுமா? ஒரே நேரத்தில் எத்தனை பேரைச் சமாளிக்கலாம்? ஓரிரு சனிக்கிழமை நேரில் வர முடிந்தால் பேருதவி. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. வீட்டில் சும்மா கிடக்கும் போஸ்டர் கலர், பிரஷ் இருந்தாலும் கொடுங்கள்.