1000001 முதன்மை எண்ணா? 168 தடவை வகுக்காமல் காட்ட ஏலுமா?

மட்டிக்களி மாணவன்:
வணக்கம். திருகோணமலையில் உயர்தரம் கணிதப் பிரிவு. 1000001 இன் முதன்மைக் காரணிகளைக் காணச் சொல்லி ஒரு வினா, கல்குலேட்டர் கூடாது. வர்க்கமூலம் 1000 ஐச் சற்றே தாண்டும். 1000 க்குள் 168 முதன்மை எண்கள். 13 வரை பார்த்தேன், ஒன்றும் வகுக்கவில்லை. குறுக்கு வழி உண்டா?

உவர்மலை கணிதம்:
தம்பி, 999999 = 3³ × 7 × 11 × 13 × 37. உங்கள் எண் அதைவிட 2 கூட. ஆகவே 3, 7, 11, 13, 37 ஐந்துக்கும் மீதி 2 தான். அவற்றை வகுத்துப் பார்க்கவே தேவையில்லை.

இனி 10⁶ + 1 ஐ (10²)³ + 1 என்று எழுதுங்கள். அ³ + 1 = (அ + 1)(அ² − அ + 1). அ = 100 இட்டால் 101 × 9901.

பலர் இதை (10³)² + 1 என்று எழுதி, அ² + 1 காரணிப்படாது, ஆகவே எண் முதன்மை என்று முடித்துவிடுகிறார்கள். கோவை காரணிப்படாதது எண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது: 3² + 1 = 10. நடு உறுப்பின் குறியிலும் கவனம்; + போட்டால் 101 × 10101 = 1020201 ஆகிவிடும்.

மட்டிக்களி மாணவன்:
நன்றி அண்ணா. 9901 முதன்மை என்று காட்ட 99 வரை 25 எண்களாலும் வகுக்க வேணுமா?

சாம்பல்தீவு:
ஐந்து போதும். 9901 ஐ வகுக்கும் முதன்மை எண் ப என்க. அது 2 உம் அல்ல, 5 உம் அல்ல. ப ஆல் வகுக்கும்போது 10⁶ இன் மீதி −1, 10¹² இன் மீதி 1. மீதி 1 தரும் 10 இன் மிகச் சிறிய வலுவின் சுட்டி 12 ஐ வகுக்கும், 6 ஐ வகுக்காது. எனவே 4 அல்லது 12. 4 என்றால் 10² இன் மீதி −1, அதாவது ப = 101; ஆனால் 9901 = 101 × 98 + 3, பொருந்தாது. மிஞ்சுவது 12. பெர்மாவின் சிறிய தேற்றப்படி 10 இன் (ப − 1) ஆம் வலுவின் மீதியும் 1, ஆகவே ப − 1 ஆனது 12 இன் மடங்கு. 99 க்குள் அப்படியான முதன்மை எண்கள் 13, 37, 61, 73, 97. மீதிகள் முறையே 8, 22, 19, 46, 7. முடிந்தது.

"ப = 101" என்ற வகையை விட்டுவிட்டால் நிறுவல் முழுமையாகாது.

உவர்மலை கணிதம்:
அழகான நிறுவல். காரணிகளைச் சரிபார்க்க ஒயிலரின் வழியும் இருக்கிறது. 1000001 = 1000² + 1² = 980² + 199². இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண் முதன்மையாக இருக்காது. கழித்தால் 1000² − 980² = 199² − 1², அதாவது 20 × 1980 = 198 × 200. 20, 198 இன் பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.) 2, 1980, 200 இன் பொ.கா.பெ. 20. பாதியாக்கினால் 1, 10: 1² + 10² = 101. 20 ஐயும் 198 ஐயும் 2 ஆல் வகுத்தால் 10, 99: 10² + 99² = 9901. இரண்டாவது வடிவத்தைக் கையால் தேடுவது நீண்ட வேலை, அதனால் பரீட்சையில் கன வாய்பாடுதான் நல்லது.

சாம்பல்தீவு:
அந்த 12 தசமத்திலும் தெரியும். 1/9901 இல் 000100999899 என்ற 12 இலக்கங்கள் மீளும். மீளும் நீளம் சரியாக 12 உள்ள முதன்மை எண் 9901 ஒன்றே: 10¹² − 1 = 999999 × 101 × 9901, இதில் 999999 இன் காரணிகளுக்கு நீளம் 6 ஐத் தாண்டாது, 101 க்கு 4.