மறு: ஓவர்ஹாலுக்குச் சொல் – ‘மறுகட்டல்’ ஒப்பவில்லை

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இன்ஜினை முழுக்கப் பிரித்து, அளந்து, சீர்செய்யும் ஓவர்ஹாலுக்கும் சின்ன ரிப்பேருக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். முந்தைய மடலில் வந்த யோசனை இது:

> ரிப்பேருக்கு ‘ஒட்டுவேலை’, ஓவர்ஹாலுக்கு ‘மறுகட்டல்’. இதோடு முடித்துக்கொள்வோமே.

முடிக்க வேண்டாம் ஐயா. பட்டறையில் கால் வைத்ததும் இரண்டும் கழன்றுவிடும்.

‘ஒட்டுவேலை’யில் ஓர் இளப்பம் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கில் (இன்ஜினின் உடலில்) விரிசல் விட்டால் பற்றவைக்க நல்ல மெக்கானிக் தயங்குவார். ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறி இறங்கும்போது பற்றுக்குப் பக்கத்து இரும்பு கடினப்பட்டுப் புது விரிசல் ஓடும். அதனால் சூடே காட்டாமல், விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டுப் பூட்டுத் தகடுகளை அடித்து இறக்குவார்கள். பிறகு விரிசல் நெடுக ஒன்றையொன்று கவ்வும்படி திருகாணிகளை முறுக்கி, மேலே தேய்த்துச் சமப்படுத்துவார்கள். ஒழுங்காகச் செய்தால் பல வருஷம் தாங்கும். கப்பல் இன்ஜின்களுக்கே இந்த வைத்தியம் உண்டு. இதையும் ரேடியேட்டர் ஒழுகலுக்கு எம்-சீல் பூசுவதையும் ஒரே சொல்லில் அடைக்கலாமா?

மாதவரம் பக்கம் லாரிக்காரர் கேட்கும் கேள்வி, ‘தேத்திடலாமா, இறக்கியே ஆகணுமா?’ என்பதுதான். அதாவது, கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா, இன்ஜினை இறக்கி ஓவர்ஹாலே செய்ய வேண்டுமா? எத்தனை பாகம் மாற்றுகிறோம் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கேடு ஓரிடத்தில் நிற்கிறதா, பரவிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய், தண்ணீர் கலந்து, டிப்ஸ்டிக்கில் (ஆயில் பார்க்கும் குச்சியில்) ஆயில் பால் கலந்த டீ மாதிரி வருகிறது, அந்த ஆயிலோடு வண்டி அதிகம் ஓடவில்லை என்றால், ஹெட்டைக் கழற்றி ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு வளைவு பார்ப்பார்கள். கொஞ்சம்தான் என்றால் சீவிவிட்டு, புது கேஸ்கெட், புது ஆயிலோடு அனுப்பிவிடலாம். இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்பைத் திறந்ததும் அடியில் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக ஓடு) தூள் மினுக்கினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கிராங்க் தண்டு, கேம் தண்டு என்று எல்லா இடத்துக்கும் போய் வந்த ஆயில் அது. ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி மூடினால் மிச்சத் தூள் மறுபடி அரைக்கும்.

‘ரிங் மட்டும் போட்டுக் குடுங்க’ என்பதும் இப்படித்தான். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம். சிலிண்டரின் உச்சியில், ரிங் எட்டாத இடத்தில், தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். அதைக் கவனிக்காமல் போட்டால் புது மேல் ரிங் அதில் இடித்தே உடையும். போர் (சிலிண்டரின் உள் துளை) முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தாலோ ரிங் சரியாக உட்காராது, நீலப் புகை நிற்காது. 8 ஆண்டு தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டுமே, புகையோடு அங்கே போய் நிற்க முடியுமா?

‘மறுகட்டல்’ தவறுவது இங்கேதான். எதையும் அளக்காமல் பிரித்து, துடைத்து, திரும்ப மாட்டினாலும் அது மறுகட்டல்தானே! ஓவர்ஹாலின் உயிரே மைக்ரோமீட்டரில் இருக்கிறது. கிராங்க் ஜர்னலை (தண்டில் பேரிங் உட்காரும் பகுதியை) இரு திசையிலும் இரு முனையிலும் அளப்பார்கள். தேய்மானம் வரம்பு மீறினால் கிரைண்டிங் கொடுத்து, 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாகக் குறையும் அளவுக்குத் தக்க பேரிங் போடுவார்கள். கடைசிப் படியும் தாண்டிவிட்டால் கிராங்க் பெரும்பாலும் எடைக்குத்தான்.

ஆகவே ஓவர்ஹாலுக்கு ‘அளவுமீட்பு’ என்று வைக்கலாம். போரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்ட பிறகு எந்த அளவு மீண்டது என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மீண்டது என்பேன். ஓவர்சைஸும் அண்டர்சைஸும் ‘மிகையளவு’, ‘குறையளவு’ என்று தாமே வந்து பக்கத்தில் உட்காரும். ஓரிடத்துப் பழுதுக்கு ‘இடச்செப்பம்’ போதும், அதில் இளப்பமில்லை.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வேறு வண்டியின் இன்ஜினை வாங்கி வைப்பது தனி வகை. இன்ஜின் எண்ணே மாறுவதால் ஆர்.சி.யிலும் திருத்த வேண்டும். ‘இன்ஜின் மாற்று’ என்றே விட்டுவிடுவோம்.

மெக்கானிக்குகள் ‘ஓவராயில்’ என்பார்கள், சொல்லட்டும். நமக்குச் சொல் தேவைப்படுவது ஐ.டி.ஐ. பாடநூலுக்கும் பில்லுக்கும். பில்லில் ‘அளவுமீட்பு’ என்றிருந்தால், எந்த ஜர்னல் என்ன அளவு என்ற தாளையும் சேர்த்துக் கேட்க லாரிக்காரருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஹோனிங் இன்னும் பாக்கி. சிலிண்டர் சுவரில் ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் மறுக்குமாகக் கீறுவது அது. முந்தைய மடலில் வந்த ‘மெருகேற்றல்’ சரிப்படாது, சுவர் மெருகேறினால் ஆயில் நிற்காது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.