வகுப்பறையில் 'தி ஹாபிட்': கற்பித்தவர்களும் கற்றவர்களும் பகிர்ந்தவை

ஏட்டுச்சுவடி எழுதியது:

பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். சிறார் மிகுபுனைவு நாவல் ஒன்றை முழுமையாகப் பாடமாக நடத்தும் வாய்ப்பு அமைந்தால், முதல் வாரத்திலேயே 'இந்த டிராகன் எதைக் குறிக்கிறது, இந்த மோதிரம் எதைக் குறிக்கிறது' என்று கேட்கத் தொடங்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். டிராகன் கைப்பற்றிய புதையலை மீட்கப் போகும் குள்ளர்களோடு பில்போ என்னும் ஹாபிட் புறப்படும் கதையான டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலைச் சில ஆண்டுகளாக நடத்திவரும் நான், அந்தக் கேள்வியைக் கூடுமானவரை தள்ளிப்போடுகிறேன். டிராகன் முதலில் டிராகனாகவே இருக்கட்டும். அது எங்கே படுத்திருக்கிறது, அதன் உடலில் எந்த இடம் கவசமின்றி இருக்கிறது, அந்தச் செய்தி யார் வழியாக யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையெல்லாம் மாணவர்கள் நூலிலிருந்தே எடுத்துச் சொல்லட்டும். கற்பனை உலகத்துக்கும் சட்டதிட்டங்கள் உண்டு. அவற்றை எழுத்தாளர் எங்காவது மீறுகிறாரா என்று கண்காணிக்கும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டால், நாம் எதிர்பார்க்கும் நுட்பமான வாசிப்பு தானாக நடக்கும் என்பது என் கட்சி.

ஆகையால் நான் கதையின் முதல் வரியில் தொடங்காமல், நூலோடு வரும், குள்ளர் அரசன் த்ரோரின் வரைபடத்தில் தொடங்குகிறேன். அந்த வரைபடத்தில் எழுத்துகளை நேராக வைத்துப் படித்தால் மேற்பக்கம் இருப்பது வடக்கு அன்று, கிழக்கு. இதை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிராகன் குடிகொண்ட தனிமலைக்கு எந்தத் திசையில் சிலந்திக் காடு இருக்கிறது என்று கேட்டால், காட்டைப் பற்றிய குறிப்பு படத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், வகுப்பே ஒரே குரலில் 'தெற்கு' என்று சொல்லும். சென்ற முறை மாணவி ஒருத்தி மட்டும் எதுவும் பேசாமல் புத்தகத்தைக் காற்பங்கு திருப்பி மேசையில் வைத்து, பக்கத்தில் மற்றொரு வரைபடமான காட்டுநிலத்தின் படத்தையும் விரித்து, இரண்டையும் விரலால் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "இரண்டு படமும் சரி என்றால், குள்ளர்கள் கிழக்கை மேலே வைத்துத்தான் வரைவார்கள்" என்றாள். பல பதிப்புகளின் முன்குறிப்பில் டோல்கீன் சொல்லியிருப்பதும் அதுவே. அவள் அந்த முன்குறிப்பைப் படித்திருக்கவில்லை.

வரைபடத்தில் காணப்படும் ரூன் என்னும் பழங்கால எழுத்துகளுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை, ஏனெனில் அதற்கு ஆசிரியர் தேவையே இல்லை. வரைபடத்தில் உள்ளவை பழைய ஆங்கில ரூன்களை ஒட்டியவை என்பதும், ஒவ்வொன்றுக்கும் இணையான ஆங்கில எழுத்து உண்டு என்பதும் தெரிந்த மறுநாளே வகுப்பில் துண்டுச் சீட்டுகள் ரூனில் பறக்கத் தொடங்கிவிடும்.

நான் நீண்ட நேரம் நிற்கும் இடம் ஐந்தாம் அத்தியாயம். மலைக்கடியில், இருட்டில், பில்போவும் அங்கே வாழும் கோல்லம் என்னும் விந்தை உயிரும் விடுகதைப் போட்டி நடத்துகிறார்கள். பில்போ வென்றால் கோல்லம் வெளியேறும் வழியைக் காட்ட வேண்டும்; தோற்றால் கோல்லத்துக்கு இரையாக வேண்டும். காலத்தை விடையாகக் கொண்ட கடைசி விடுகதைக்கு விடை தெரியாமல் தவிக்கும் பில்போ, இன்னும் கொஞ்சம் நேரம் கொடு என்று கேட்க வாயெடுத்து, பதற்றத்தில் 'நேரம்! நேரம்!' என்று மட்டும் கத்திவிட, அதுவே சரியான விடையாக அமைந்துவிடுகிறது. அடுத்து, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல், 'என் சட்டைப் பையில் என்ன இருக்கிறது' என்று அவன் கேட்டதை, கோல்லம் விடுகதையாக எடுத்துக்கொள்கிறது (பையில் இருப்பது ஒரு மோதிரம்). இந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லி, வகுப்பை இரு தரப்பாகப் பிரித்து வழக்காடச் செய்கிறேன். 'அது விடுகதையே அன்று, பையில் இருப்பதை எவரால் ஊகிக்க முடியும்' என்பது கோல்லத்தின் தரப்பு. பில்போவுக்காகப் பேசியவர்களில் ஒருவன், புத்தகத்தைத் திறக்க அனுமதி கேட்டு, கோல்லம் மூன்று வாய்ப்புகள் கேட்டு வாங்கி, 'கை' என்றும் 'கத்தி' என்றும் ஊகித்து, கடைசி வாய்ப்பில் 'கயிறு, இல்லையென்றால் ஒன்றுமில்லை' என்று இரண்டு விடைகளைத் திணித்ததைக் காட்டி, "விடை சொல்ல முயன்ற உடனேயே கேள்வியை ஏற்றுக்கொண்டது, அதற்குப் பிறகு குறை சொல்ல முடியாது" என்று வாதாடினான். டோல்கீன் தமது அடுத்த பெருநாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரையில் ஏறக்குறைய இதே தீர்ப்பைத்தான் வழங்கியிருக்கிறார்: அது விதிப்படி விடுகதையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் ஏற்றுக்கொண்டு ஊகிக்க முயன்ற பின் கோல்லம் வாக்குக்குக் கட்டுப்பட்டதே. இதை வாசித்துக் காட்டியபோது அந்த மாணவன் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை எந்த மதிப்பெண்ணும் தந்திருக்காது.

இந்நூலையோ இதுபோன்ற வேறொரு நூலையோ வகுப்பில் வாசித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

ஐயா, படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பொறாமையாகவும் இருக்கிறது. ஒரு விடுகதைக்காக இத்தனை வகுப்புகளைச் செலவிட எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. மொத்தம் 19 அத்தியாயங்கள். பருவத்தேர்வுக்குள் அனைத்தையும் முடித்தாக வேண்டும். நான் முன்பு பணிபுரிந்த பள்ளி ஒன்றின் வினாத்தாளில், பதின்மூன்று குள்ளர்களின் பெயர்களையும் வரிசையாக எழுதச் சொல்லி மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். தோரின், பாலின், பருத்த உடல்வாகு கொண்ட பாம்பர் ஆகியோரைத் தவிர மற்றவர்களுக்குத் தனித்த குணமென்று பெரிதாக எதையும் எழுத்தாளரே தரவில்லை என்பது என் எண்ணம். அப்படியிருக்க, பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளைகள் நாவலிலிருந்து என்ன பெற்றார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வழக்காடு மன்றம் நடத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எழுத்துவடிவில் மதிப்பிடக்கூடிய பயிற்சியாக அதை எப்படி மாற்றுவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நூலகத்து மூலை எழுதியது:

நான் ஆசிரியை அல்லேன். பள்ளி நூலகத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன கண்காணிப்பை என் மாணவிகள் வேறொரு திசையில் செய்தார்கள். பாதி நூலைக் கடந்த நிலையில் ஒருத்தி கையை உயர்த்தி, "இந்தக் கதையில் பெண்களே கிடையாதா, அல்லது நான் ஏதாவது பக்கத்தை விட்டுவிட்டேனா" என்று கேட்டாள். அவள் கேட்ட தொனியில் குறும்பு இல்லை. உண்மையிலேயே பக்கங்களைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்தது முதல் அத்தியாயத்தில் வரும் பெலடோனா டூக் என்னும் பெயர் மட்டுமே. அவர் பில்போவின் தாயார், அதுவும் கதை தொடங்குவதற்கு முன்பே வாழ்ந்து முடித்தவர்.

1937ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. காலம் ஒரு காரணம்தான், ஆனால் 1865இலேயே ஒரு சிறுமியை நடுநாயகமாக வைத்த ஆலிஸ் கதை ஆங்கிலத்தில் வந்துவிட்டதே. மாணவிகளையே தேடச் சொன்னேன். ஊரே விரும்பாத சாகசங்களை நாடும் குணம் பில்போவுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தாய்வழியான டூக் குடும்பத்திலிருந்துதான் வந்தது என்று நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வீட்டில் அடங்கியிருக்கும் பேகின்ஸ் குணத்துக்கும் புறப்பட்டுப் போகும் டூக் குணத்துக்கும் நடக்கும் இழுபறியே பில்போவின் கதை என்று ஒரு மாணவி எழுதினாள். 'அப்படியானால் அம்மாவுக்கு இன்னும் இரண்டு பக்கம் கொடுத்திருக்கலாம்' என்று அடுத்த வரியிலேயே அவள் சேர்த்திருந்தாள். இரண்டும் சரியென்றே எனக்குத் தோன்றியது. நான் எதையும் திருத்தவில்லை.

இன்னொரு ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஸ்மாக் என்னும் டிராகனைப் பில்போ கொல்லவில்லை. கொல்வது, 14ஆம் அத்தியாயத்தில் நாம் முதன்முறையாக நெருங்கிப் பார்க்கும் பார்ட் என்னும் வில்லாளி. இறுதிப் போரிலோ, பில்போ கல்லடி பட்டு நினைவிழந்து, முடிவைப் பார்க்கவே இல்லை. திரைப்படங்களுக்குப் பழகிய சிறுவர்கள் இதை ஒரு மோசடியாகவே கருதினார்கள். ஏட்டுச்சுவடி ஐயாவின் வகுப்பில் இதை எப்படிக் கையாண்டீர்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, அந்த ஏமாற்றத்தை நான் ஆற்ற முயல்வதில்லை. டிராகனின் இடப்பக்க மார்பில் கவசமற்ற இடத்தைக் கண்டவன் பில்போ. அவன் குள்ளர்களிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பறவை. அந்தப் பறவை பார்டிடம் சொல்கிறது. பார்டின் அம்பு அங்கே பாய்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்தால் டிராகன் பிழைத்துக்கொள்ளும் என்று கேட்டால், ஏமாந்த சிறுவர்கள் சற்று நேரத்தில் பறவைக்காகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சுண்ணக்கட்டி அவர்கள் கேட்ட எழுத்துப் பயிற்சிக்கு இந்த நூலின் வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1936இல் கையெழுத்துப் படி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, அவர் அதைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து அறிக்கை எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். கதையைச் சில வரிகளில் சுருக்கிச் சொல்லி, வரைபடங்கள் இருப்பதால் ஓவியங்கள் தேவையில்லை என்றும், ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் அந்தச் சிறுவன் எழுதிக் கொடுத்தான். என் மாணவர்களிடம் இந்த அறிக்கையைக் காட்டி, பதிப்பாளருக்கு ஓர் அறிக்கை எழுதச் சொல்கிறேன்: நூலை வெளியிடலாமா, எந்த வயதினருக்கு, எந்த அத்தியாயத்தைக் குறைக்கலாம், ஏன். கதைச்சுருக்கத்தை எங்கிருந்தும் பார்த்து எழுதிவிடலாம். எதைக் குறைக்கலாம் என்பதற்குக் காரணம் எழுத, படித்தே ஆகவேண்டும். பத்து வயதுச் சிறுவன் தனக்கும் கீழான வயதினருக்கே இது பொருந்தும் என்று தீர்ப்பளித்ததைப் பார்த்து வகுப்பு சிரிப்பதும் உண்டு.

மூத்த மாணவர்களாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நாம் இன்று படிக்கும் ஐந்தாம் அத்தியாயம் 1937இல் வந்தது அன்று. முதல் பதிப்பில் கோல்லம் இவ்வளவு கொடியதாக இல்லை. தோற்றால் பரிசு தருவதாகச் சொல்லி, அந்தப் பரிசாகிய மோதிரத்தைத் தேடிக் காணாமல், பில்போவிடம் மன்னிப்புக் கேட்டு, பதிலாக வழியைக் காட்டி அனுப்புகிறது. மோதிரமோ அப்போது பில்போவின் பையில் இருக்கிறது. அடுத்த நாவலில் அம்மோதிரம் யாரும் விட்டுக்கொடுக்க முடியாத கொடிய பொருளாக வளர்ந்துவிட்டதால், கோல்லம் அதைப் பரிசாகத் தர ஒப்புக்கொண்டது என்பது பொருந்தாமல் போனது. 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அத்தியாயம் மாற்றி அமைக்கப்பட்டது. இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் திருத்தம். ஆனால் டோல்கீன், பழைய வடிவத்தைப் பில்போ தன் தோழர்களிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே ஏற்றிவிட்டார். மோதிரத்துக்குத் தனக்கு உரிமை இருப்பதாகக் காட்டிக்கொள்ள அவன் அப்படிச் சொன்னான் என்பது விளக்கம்.

இரண்டு வடிவங்களையும் அருகருகே படிக்கும்போது வகுப்பில் எழும் கேள்விகளை எந்த வழிகாட்டி நூலிலும் நான் கண்டதில்லை. 'எழுத்தாளர் தன் தவற்றுக்குக் கதாபாத்திரத்தின் மேல் பழிபோடலாமா' என்று ஒருவன் கேட்டான். 'நேர்மையான பில்போ பொய் சொன்னான் என்றால், மோதிரம் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டது' என்று அதற்கு இன்னொருத்தி பதில் சொன்னாள். நான் தள்ளிப்போட்டிருந்த 'மோதிரம் எதைக் குறிக்கிறது' என்ற கேள்வி, யாரும் கேட்காமலே அங்கே வந்து நின்றது.

கடைசிப்பலகை எழுதியது:

நான் மாணவனாக இருந்து இந்நாவலைப் படித்தவன். எங்கள் ஆசிரியையும் சட்டதிட்டக் கட்சிதான். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது ஒப்பந்தத்தை. இரண்டாம் அத்தியாயத்தில் குள்ளர்களின் தலைவர் தோரின் விட்டுச்செல்லும் கடிதத்தில், மொத்த இலாபத்தில் பதினான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் பில்போவுக்குத் தரப்படும் என்று இருக்கிறது. ஈமச்சடங்குச் செலவுக்குக்கூட ஒரு வாசகம் உண்டு. பின்னால் பில்போ, தோரின் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கும் ஆர்க்கன்ஸ்டோன் மணியை எவருக்கும் தெரியாமல் எடுத்துவைத்துக்கொண்டு, போரைத் தவிர்ப்பதற்காக அதை எதிர்த்தரப்பில் இருந்த பார்டிடம் கொடுத்துவிடுகிறான். கேட்டால், அது தன் பங்கு என்கிறான். அது திருட்டா, இல்லையா என்று கட்டுரை எழுதச் சொன்னார்.

வகுப்பில் பெரும்பாலோர் பில்போவின் நல்ல நோக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். என் பக்கத்து இருக்கைத் தோழி மட்டும் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 12ஆம் அத்தியாயத்தில் தோரின், உன் பதினான்காம் பங்கை நீயே தேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லும்போது, பிரிப்பதற்கு ஏதாவது கிடைத்தவுடன் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்திருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். பில்போ மணியை எடுத்தபோது டிராகன் இறந்த செய்தியே குள்ளர்களுக்குத் தெரியாது. பங்கு பிரிக்கும் பேச்சே எழவில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது, எடுக்கும் நேரம் வரவில்லை என்பது அவள் முடிவு. நான் எதிர்த்தேன். தோரின் இறந்த பிறகு தலைமை ஏற்கும் டெய்ன், மணிக்கு ஈடாகப் பதினான்காம் பங்கைப் பார்டுக்கே கொடுத்து ஒப்பந்தத்தை நிறைவேற்றுகிறார். குள்ளர்களே அதைப் பில்போவின் பங்காக ஏற்றுக்கொண்டபின் திருட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பின்னால் ஏற்றுக்கொண்டது முன்னால் எடுத்ததை நியாயப்படுத்தாது என்றாள். ஆசிரியை இருவருக்கும் ஒரே மதிப்பெண் வழங்கினார். அதில் எங்கள் இருவருக்குமே உடன்பாடில்லை.