வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமைப் பதிவு: எங்கெங்கே சிக்குதுங்க? (பேசறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர் பேர் போட்டிருக்குதுங்க.)

பெருந்துறை:
ஆஸ்பத்திரி குடுக்கற பிறப்புச் சான்றிதழும் குடியுரிமையும் ஒண்ணில்லைங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் இந்தியர்னா குழந்தையும் தானா இந்தியன்னு நம்ம பக்கத்துல பலரும் நினைச்சுட்டு இருக்காங்க. 3.12.2004க்கு அப்புறம் வெளிநாட்டுல பிறந்த குழந்தைக்கு அது செல்லாது. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 4-இன்படி, பிறந்து ஒரு வருசத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பிறப்பைப் பதிவு பண்ணோணும். அம்மா, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தியரா இருந்தாப் போதும். 10.12.1992க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு மட்டும்தான் அப்பா வழி மட்டும்ங்கற கணக்கு.

வேலை இப்படிங்க. உள்துறை அமைச்சகத்தோட குடியுரிமைத் தளத்துல பிரிவு 4(1)-க்கான படிவம் 1-ஐ நிரப்பி, அச்செடுத்து, தாய் தகப்பன் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும். கூடவே அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், ரெண்டு பேர் பாஸ்போர்ட், குடியிருப்பு விசா, கல்யாணச் சான்றிதழ், அப்புறம் குழந்தைக்கு வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லைங்கற உறுதிமொழி. நகல் மட்டும் கொண்டு போய் நின்னா திருப்பி அனுப்பிருவாங்க, அசலும் கையில இருக்கோணும். குழந்தை பாஸ்போர்ட்டுக்கும் கையோட விண்ணப்பிச்சுருங்க. அது 5 வருசத்துக்குத்தான் வரும்.

அமீரகத்துல இருக்கறவங்க ஒரு வருசம் இருக்குதேன்னு உக்கார வேண்டாம். பிறந்து 120 நாளைக்குள்ள குழந்தைக்குக் குடியிருப்பு விசா எடுக்கோணும், அதுக்குப் பாஸ்போர்ட் வேணும். ஆகக்கூடி நெசமான கெடு 120 நாள்தான்.

திருப்பூர்:
அண்ணன் சொன்ன காகிதமெல்லாம் சரியா இருந்தும் திரும்பி வர்றவங்கதான் அதிகம். காரணம் பேருங்க.

நம்மூர்ல க. பழனிசாமின்னா இனிசியல். பாஸ்போர்ட்டுல இனிசியல் போட முடியாது, விரிச்சு எழுதோணும். அதனால கந்தசாமிங்கறது குடும்பப் பேர் கட்டத்துக்குப் போயிருது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில பதிவு பண்றவருக்கு அது பாட்டன் பேருன்னு எப்படித் தெரியும்? குழந்தைக்கும் "கவின் கந்தசாமி"ன்னு எழுதிருவாரு. வீட்டுல "கவின் பழனிசாமி"ன்னு நினைச்சுட்டு படிவத்துல அப்படியே போட்டா, சான்றிதழும் படிவமும் ஒத்துப் போகாது. தூதரகம் பார்க்கறது பிறப்புச் சான்றிதழைத்தான். மாத்தோணும்னா முதல்ல சான்றிதழைத் திருத்தி வாங்கிட்டு அப்புறம் படிவத்தைத் தொடுங்க. இல்லைன்னா பாட்டன் பேரே இருக்கட்டும்னு விட்டுருங்க, சட்டப்படி ஒரு குத்தமும் இல்ல.

எழுத்துக்கூட்டு இன்னொரு தொல்லை. பழனிசாமிக்கு இங்கிலீசுல ஒரு காகிதத்துல நடுவுல "டபிள்யூ" இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. ரெண்டும் ஒரே ஆள்தான்னு உறுதிமொழிப் பத்திரம் குடுத்தா சில இடத்துல ஏத்துக்குவாங்க. ஆனா அதையே நம்பி இருக்காதீங்க. பிரசவத்துக்கு முன்னாடியே தாய் தகப்பன் பாஸ்போர்ட்டு, கல்யாணச் சான்றிதழ் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க.

குடும்பப் பேர் கட்டத்தைக் காலியா விடவும் வேண்டாங்க. ஒத்தைப் பேரு மட்டும் இருக்கற பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்துல சுற்றுலா விசா சிக்கலாகும்னு 2022 நவம்பர்லயே அறிவிப்பு வந்தது. அப்புறம் நியூமராலஜிக்காரர் சொன்னாருன்னு கடைசியில ஒரு "ஏ" சேர்க்கறதா இருந்தா, ஆஸ்பத்திரிப் பதிவுக்கு முன்னாடியே சேர்த்துருங்க. பாஸ்போர்ட் வந்ததுக்கப்புறம் ராசியான எழுத்தைத் தேடினா அலைச்சல்தான் மிச்சம்.

கோபி:
கல்யாணச் சான்றிதழ் இல்லாமப் போறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை. அருமைக்காரர் (கொங்குக் கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தி வெக்கறவர்) வந்து சீர் செஞ்சு ஊரையே கூட்டி நடத்தின கல்யாணமா இருந்தாலும் தூதரகத்துல சார்பதிவாளர் சான்றிதழ்தான் பேசும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளைக்குள்ள பதியோணும், கூடுதல் கட்டணத்தோட 150 நாள் வரைக்கும் போகும். மாப்பிள்ளைக்கு லீவு பத்தாதுன்னு தள்ளிப் போட்டா, பின்னாடி ரெண்டு பேரும் நேர்ல வந்து நிக்கோணும். வயித்துல குழந்தையோட அங்கிருந்து வர முடியுமாங்க? பத்திரிகையும் மண்டப ரசீதும் பத்திரமா இருக்கட்டும்.

கோயம்புத்தூர்:
அமெரிக்காக் கதை வேறங்க. அங்க பிறந்த குழந்தை பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமகன். அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துட்டா, வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லைங்கற உறுதிமொழியைக் குடுக்க முடியாது, அதனால இந்தியப் பதிவுக்கு வழியில்லை. பெரும்பாலானவங்க ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமகனா இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கறது) போயிருவாங்க. அது குடியுரிமை இல்ல. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தாவோட தோட்டம் வாரிசா வந்தா வெச்சுக்கலாம், பக்கத்துத் தோட்டத்தைக் காசு குடுத்து வாங்க முடியாது. நம்ம பக்கத்துல இதை யோசிக்காம முடிவெடுக்கறவங்களைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு.

இந்தியப் பதிவு பண்ணிட்டு, வேற நாட்டுக் குடியுரிமையும் பிறப்பால ஒட்டிட்டே இருந்தா, 18 வயசு முடிஞ்சு 6 மாசத்துக்குள்ள அந்தக் குடியுரிமையைத் துறக்கோணும். இல்லைன்னா பிரிவு 4(1ஏ)-இன்படி இந்தியக் குடியுரிமை போயிரும். இன்னொண்ணு, அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டுக்குள்ள போக வர அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் காட்டோணும்னு அவங்க சட்டம். ரெண்டுக்கும் நடுவுல மாட்டறது குழந்தைதான்.

அந்தியூர்:
ஏனுங்க, ஒரு வருசம் தாண்டிருச்சுன்னா? ஊருக்கு வந்து விஏஓகிட்டப் பதிஞ்சுக்கலாம்னு சொல்றாங்களே?

பெருந்துறை:
பாதி சரிங்க. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 20: தூதரகத்துல பதியாத குழந்தையோட பெத்தவங்க இங்கயே குடியிருக்கலாம்னு திரும்பினா, குழந்தை இந்தியாவுக்கு வந்த நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள இங்க பிறப்பைப் பதியலாம். கிராமத்துல விஏஓ, டவுன்ல நகராட்சி. ஆனா அது பிறப்புக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். குடியுரிமை அதுல வராது. தூதரகத்துல பதிஞ்சிருந்தா அதுவே இங்கயும் பிறப்புப் பதிவாச் செல்லும், ரெண்டாவது பதிவு தேவையில்ல.

வருசம் தாண்டினதுக்கும் அதே படிவம் 1-தான். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் குடுக்கோணும். தூதரகம் தானா முடிவெடுக்காது, மத்திய அரசு அனுமதிக்கோணும். "தெரியலைங்க"ன்னு ஒரு வரி எழுதாம, ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை மாறின கடிதம்னு தேதியோட இருக்கறதை எல்லாம் இணைச்சுக் குடுங்க.

பவானிசாகர்:
இதையே திருப்பிப் போட்ட மாதிரி ஒண்ணு நம்ம பக்கத்து இலங்கை அகதிகள் முகாம்கள்ல நடக்குது. இலங்கைப் பெத்தவங்களுக்குச் சத்தியமங்கலத்துலயோ ஈரோட்டுலயோ பிறந்த குழந்தைக்குத் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், அதை வெச்சு இந்தியக் குடியுரிமை வராது. 1.7.1987க்கு முன்னாடி இங்க பிறந்தவங்களுக்கு மட்டும் சட்டம் வேற. மத்தவங்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948, பிரிவு 5(2)-இன்படி பிறப்பைப் பதியோணும். சென்னையில இருக்கற இலங்கைத் துணைத் தூதரகத்துல அதைச் செய்யலாம். அங்கயும் கெடு ஒரு வருசம்தான், தாண்டினா அமைச்சர் நீட்டிச்சுத் தரலாம்.

இங்க சிக்கறது பெத்தவங்க காகிதம். கப்பல்ல வந்தப்ப இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் தொலைஞ்சிருக்கும். பிறந்த மாவட்டப் பதிவாளர்கிட்ட நகல் கேக்க, பிறந்த இடமும் தேதியும் சரியாத் தெரியோணும், அங்க ஒரு சொந்தக்காரர் இருந்தா நல்லது. முகாம் அட்டையில இருக்கற பேரும் ஆஸ்பத்திரியில சொன்ன பேரும் வேற வேறயா இருந்தா, முதல்ல குழந்தையோட பிறப்புச் சான்றிதழைத் திருத்திட்டுத்தான் சென்னைக்கு பஸ் ஏறோணும்.