யோகாவுக்குத் தலைநகர் மைசூராம்! மந்தவெளியிலேருந்து ஒரு கேள்வி

மந்தவெளி மாமா:
காலையில காபி டம்ளரோட உக்காந்தா, நம்ம 'ஜன்னலோரம்' அம்மணியோட பயணக் கதை. நாலு ஊர் சுத்தினதுல யோகா மேல பித்து பிடிச்சிருச்சாம். சந்தோஷம். ஆனா கடைசி வரியைப் பாருங்க: "யோகாவுக்குத் தலைநகர் மைசூர்தான், சென்னையில இருக்கறது வெறும் ஜிம்." எழுதும்போது கை கூசலையா? நவீன யோகாவோட தந்தைம்பாங்களே, அந்தக் கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில யோகசாலை நடத்தினது 1933லேருந்து 1950 வரைக்கும். 17 வருஷம். மெட்ராஸுக்கு வந்தது 1952. கண் மூடினது 1989. 37 வருஷம். 37 பெரிசா, 17 பெரிசா?

ஜன்னலோரம்:
வணக்கம் மாமா. முழுசாப் படிச்சீங்களா, கடைசி வரி மட்டுமா? எட்டு மணி நேரம் நாற்காலியிலயே உக்காந்து இடுப்பு போய், லீவு போட்டுட்டு மைசூர் போனேன். அங்க கோகுலம்ங்கற பகுதியில விடியக்காலை வகுப்பு. யாரும் மைக்ல ஒண்ணு ரெண்டு எண்ணலை. அவங்கவங்க மூச்சு, அவங்கவங்க வேகம். ஒரு ஆசனம் படிஞ்சாத்தான் அடுத்ததை ஆசிரியர் குடுப்பார். மூணு வாரம் நான் நின்னு செய்யற ஆசனங்களையே தாண்டலை. அழுகை வந்துச்சு, ஆனா நாலாவது வாரம் கிளம்ப மனசு வரலை. அப்புறம் புனே: சுவத்துல கயிறு, பெல்ட், மடக்கு நாற்காலி, ஒரே திரிகோணாசனத்துக்கு அரை மணி நேரம். பாங்காக்ல 40 டிகிரி சூட்டு அறை, 26 ஆசனம், 90 நிமிஷம். எல்லாம் பாத்துட்டுத்தான் சொல்றேன். இந்த மைசூர் முறையைப் பரப்பின பட்டாபி ஜோயிஸும், புனே முறையை உருவாக்கின பி.கே.எஸ். ஐயங்காரும் கிருஷ்ணமாச்சாரியார்கிட்ட படிச்சது எங்க? மைசூர்ல!

மந்தவெளி மாமா:
சிஷ்யன் படிச்ச ஊரை விடுங்க, குரு வாழ்ந்த ஊரைப் பாருங்க. 37. அவர் பையர் தேசிகாச்சார் 1976ல 'கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்'ங்கற யோகா பள்ளியை ஆரம்பிச்சது எங்க? சென்னையில. இப்ப இருக்கறது எங்க வீட்டுலேருந்து மூணாவது தெரு. ஒவ்வொருத்தர் உடம்புக்கும் ஏத்த மாதிரி ஆசனத்தை மாத்தி, எதிர்ல உக்காந்து சொல்லிக்குடுக்கற முறை அது. அதுக்குப் பேர் ஜிம்மா? 40 டிகிரிக்காக பாங்காக்குக்கு டிக்கெட் வேற! அக்னி நட்சத்திரத்துல எங்க மொட்டை மாடி ரூமுக்கு வாங்கம்மா. ஓசி. கரண்ட் போனா இன்னும் விசேஷம்.

கணக்குப்பிள்ளை:
சின்னத் திருத்தம். அவர் காலமானது 1989 பிப்ரவரி. 1952ல எந்த மாசம் மெட்ராஸ் வந்தார்? அது தெரியாம 37னு அடிச்சு விடக்கூடாது. 36ஆவும் இருக்கலாம்.

மந்தவெளி மாமா:
போன மாசம் சைதாப்பேட்டை வடகறி சண்டையில என் காலை வாரினவர்தானே நீங்க? மறக்கலை. 36னே வச்சுக்கோங்க. 17ஐ ரெண்டு தடவை போட்டாலும் மிச்சம் நிக்குது.

கணக்குப்பிள்ளை:
வடகறியிலயும் நான் சொன்னதுதான் சரி.

பெசன்ட்நகர் புதுசு:
எலியட்ஸ் பீச் பக்கம் காலை ஆறு மணிக்கு நல்ல வகுப்பு ஏதாவது இருக்கா? ஆரம்ப நிலை.

நெல்லைச்சீமை:
என்னவே நீங்க, மைசூரு மெட்ராசுன்னு மல்லுக்கட்டிக்கிட்டு! ரிஷிகேஷ்ல ஆசிரமம் போட்ட சிவானந்தர் பொறந்தது எங்க பத்தமடையில, 1887ல. பாய்க்குப் பேர்போன ஊரும் அதுதான். ரப்பர் பாய்க்கு ஆயிரக்கணக்குல காசைக் கொட்டுதிய, கோரைப்பாய் கண்ணுக்குத் தெரியல.

ஜன்னலோரம்:
அண்ணாச்சி, கோரைப்பாய் வழுக்கும். வேர்த்த கையோட அதுல அதோமுக ஸ்வானாசனம் பண்ணினா மூக்கு உடையும்.

நெல்லைச்சீமை:
பட்டு மாதிரி நெய்த பாயி, நாய் மாதிரி நிக்கதுக்கா? சம்மணம் போட்டு மூச்சைக் கவனிக்கதுக்கு. உங்களுக்கெல்லாம் குட்டிக்கரணம்தான் யோகா.

ஜன்னலோரம்:
கீழ குனிஞ்சு நிமிரத் தெரியாதவங்கதான் அதைக் குட்டிக்கரணம்னு சொல்வாங்க.

ராத்திரி ஷிப்ட்:
திருமூலர் திருமந்திரத்துல மூணாம் தந்திரம் பூரா யோகம்தானே? அவர் மைசூரா, மந்தவெளியா?

மந்தவெளி மாமா:
திருவாவடுதுறை. பாயைச் சுருட்டுங்க, திருமூலரை நிம்மதியா இருக்க விடுங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. 37 பெரிசா, 17 பெரிசா?

ஜன்னலோரம்:
நானும் ஒண்ணு கேக்கறேன் மாமா. மூணாவது தெருன்னு சொல்றீங்களே, அந்த இடத்துக்கு நீங்க எத்தனை நாள் போயிருக்கீங்க?

மந்தவெளி மாமா:
பேச்சை மாத்தாதீங்க. மைசூர்ல அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வகுப்பு லீவுன்னு அதிசயமா எழுதியிருந்தீங்களே, அமாவாசையன்னிக்கு எதையும் ஆரம்பிக்காதேன்னு எங்க பாட்டி மாம்பலத்துலயே சொல்லிட்டாங்க. ரயில் சார்ஜ் மிச்சம்.

ராத்திரி ஷிப்ட்:
மாமா, அமாவாசை நமக்கு நல்ல நாள். தெலுங்குக்காரங்கதான் ஆகாதும்பாங்க.

மந்தவெளி மாமா:
எங்க பாட்டிக்கு நெல்லூர். இப்ப திருப்தியா?

ஜன்னலோரம்:
எத்தனை நாள், மாமா?

மந்தவெளி மாமா:
எனக்கு முழங்கால் வலி.

ஜன்னலோரம்:
உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுப்பாங்கன்னு மேல நீங்கதானே எழுதினீங்க?

மந்தவெளி மாமா:
என் முழங்கால் என் சொந்த விஷயம். கிருஷ்ணமாச்சாரியார் ஊர் விஷயம்.

கணக்குப்பிள்ளை:
அவர் பொறந்தது கர்நாடகாவுல சித்ரதுர்கா பக்கம்னு ஒருத்தராவது எழுதுவீங்கன்னு பாத்தேன்.

மந்தவெளி மாமா:
வந்துட்டாருய்யா! வடகறி புத்தி போகுமா?

பெசன்ட்நகர் புதுசு:
யாராவது அந்த ஆறு மணி வகுப்பு…

மந்தவெளி மாமா:
தம்பி, முதல்ல நீங்க சொல்லுங்க. 37 பெரிசா, 17 பெரிசா?

கணக்குப்பிள்ளை:
36.