மறு: மெயின்டெய்னர் - பராமரிப்பாளரா, பேணுநரா?

அனைவருக்கும் வணக்கம். திறந்த மூல மென்பொருள் திட்டத்தையோ அதன் ஒரு பகுதியையோ பொறுப்பேற்றுக் கவனிப்பவர்தான் மெயின்டெய்னர். அதற்குத் தமிழில் 'பேணுநர்' என்று வைக்கலாம் என்ற என் யோசனைக்கு வந்த கேள்வி இது:

> பராமரிப்பாளர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது லிஃப்ட் கதவில் தொங்கும் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' அட்டை. பழுது வந்தால் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறவர். மெயின்டெய்னர் செய்வது அதுவா? எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது, அடுத்த பதிப்பு எப்போது என்றெல்லாம் முடிவெடுக்கிறவர் அவர். அதிலும் மொழிபெயர்ப்பு மென்பொருளில், நிரல் பக்கமே போகாதவர்களும் இந்தச் சொல்லைத் திரையில் பார்ப்பார்கள். 'என் பரிந்துரையை ஏன் ஏற்கவில்லை, யாரிடம் கேட்பது' என்று தேடும்போதுதான் பார்ப்பார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் மெயின்டெய்னர்களுக்கென்றே ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறித்திருப்பார்கள். சம்பளத்துக்கு ஒருவர் கவனித்தால் 'சப்போர்ட்டட்'. ஒருவர் உண்மையிலேயே கவனித்துக்கொண்டால் 'மெயின்டெய்ண்ட்'. ஆள் இருக்கிறார், நேரம்தான் இல்லை என்றால் 'ஆட் ஃபிக்ஸஸ்'. யாருமே இல்லையென்றால் 'ஆர்ஃபன்', அதாவது அநாதை. அநாதைக்கு இல்லாமல் போனது பழுதுபார்ப்பவர் அல்லர், பேணுகிறவர். அதனால்தான் 'பேணுநர்' என்கிறேன்.

சரங்களில், அதாவது மென்பொருள் திரையில் வரும் வாசகங்களில், போட்டுப் பார்த்தேன். 'இந்தக் கூறுக்குப் பேணுநர் இல்லை', 'பேணுநருக்கு அறிவி' இரண்டும் இயல்பாக நிற்கின்றன. 'பராமரிப்பாளர்களுக்கு அறிவி' என்பதோ கைப்பேசியில் பொத்தானுக்குள் அடங்காமல் இரண்டு வரியாக மடிகிறது. ஓட்டுநர், பெறுநர், இயக்குநர் வரிசையில் வருவதால் வாய்க்கும் புதிதில்லை. ('பேணுனர்' என்று எழுதத்தான் போகிறார்கள். இயக்குநரையே விட்டுவைக்காதவர்கள் இதையா விடுவார்கள்!)

'பேணு' மென்மையாக இருக்கிறது, அதிகாரம் தொனிக்கவில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனில் திட்டத் தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பைத்தான் நிரல்மொழியில், அதை உருவாக்கிய கைடோ வான் ராஸம் 2018இல் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். 2019 முதல் 5 பேர் கொண்ட குழு வழிநடத்துகிறது. இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரே ஆளின் பதவிப்பெயரில் ஏற்ற முடியாது. அதை, கவர்னன்ஸ் என்பதற்கான 'ஆளுகை' சுமக்கட்டும். 'ஆளுமை' வேண்டாம். மின்னாளுமை என்று அரசுப் பலகைகளில் பழகிவிட்டாலும், 'திட்ட ஆளுமை' என்றால் யாரோ கம்பீரமான மனிதரைப் பற்றிய கட்டுரை போல இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. லினக்ஸ் கணினிகளில் பயன்படும் திரைச்சூழலான க்னோமின் மொழிபெயர்ப்புக் குழுக்களில் மொழிபெயர்ப்பவர், ரிவ்யூவர், கமிட்டர், ஒருங்கிணைப்பாளர் என்று நான்கு பொறுப்புகள். ரிவ்யூவருக்கு 'சரிபார்ப்பவர்' போதும். பழைய கோப்பு ஒன்றில் 'விமர்சகர்' என்று கிடக்கிறது. போட்டது நான்தான், மன்னிக்கவும். முடிந்த மொழிபெயர்ப்பைத் திட்டத்தின் களஞ்சியத்தில் சேர்க்கும் கமிட்டருக்கு 'பதிவாளர்' என்று ஒருவர் சொன்னார். அது பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஆயிற்றே. நல்ல சொல் கிடைக்கும்வரை கமிட்டர் கமிட்டராகவே இருக்கட்டும்.

மறுப்பு இல்லையென்றால் சொற்கோவையில் 'பேணுநர்' ஏற்றிவிடுகிறேன். 'பராமரிப்பாளர்' வரும் சரங்களை ஃபஸி (மறுபடி பார்க்க வேண்டியவை) என்று குறித்துவைக்கிறேன், அப்புறம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு பார்த்துவிடலாம்.